தேய்ந்த பம்பும் சின்ன மாப்பிள்ளையும்

படகு எஞ்சினில் ஒரு நட்டு தளர்ந்தாலும் பெரிய மாப்பிள்ளையின் காதில் விழுந்துவிடும். ஸ்டீயரிங் பம்ப் தேய்ந்து முனக ஆரம்பித்ததும் முதல் நாளே விழுந்தது. மாற்றவேண்டிய பம்ப்தான் என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, முழுசாக இரண்டு மாதம்.

காரணம், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றது. சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர். குடும்பத்துக்குள் வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. பெரியவரோ எஞ்சின் அறைக்குள் பதினோரு வருஷம் குனிந்து முதுகைத் தொலைத்தவர். மாமனாருக்கு மூட்டுவலி வந்து, பயணிகள் படகை இனி யார் ஓட்டுவது என்ற பேச்சு எழுந்தபோது, அவர் சின்னவரைக் கைகாட்டிவிட்டார். “எஞ்சினுக்கு உங்கள விட்டா ஆள் ஏது மாப்ள?” என்று இவருக்கு ஒரு சமாதானம். படகை விட்டு இறங்குகிற பயணி எவராவது எஞ்சின்காரருக்குக் கை கொடுப்பாரா? சின்னவருக்குத்தான் கொடுத்தார்கள். போதாததற்கு மனைவி வேறு, “அவருக்கு அந்த வெள்ளைச் சட்டை எடுப்பா இருக்குல்ல?” என்று கேட்டுத் தொலைத்தாள். அன்றைக்குச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார்.

ஆகவே பம்ப் முனகியது, இவர் கேட்டு ரசித்தார். துறையை நெருங்கி வேகம் குறைத்தால் ஸ்டீயரிங் கல்லாக இறுகிவிடும். சின்னவர் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுப்பார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

“அண்ணே, ஸ்டீயரிங் கொஞ்சம் கனமா இல்ல?” என்று ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“சாப்பாட்டைக் கூட்டுங்க சகலை, சரியாயிடும்,” என்றார் பெரியவர். அப்பாவி மனிதர் அதையும் நம்பினார்.

போன வாரம் படகு துறையில் இடித்தது. பெரிய இடி இல்லை. ஒரு அம்மாளின் கைப்பை தண்ணீரில் விழுந்தது, விளிம்பில் முழ நீளத்துக்குப் பெயிண்ட் உரிந்தது. மாமனார் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

மாமனார் இவரைத் தனியே கூப்பிட்டார். “சின்னவருக்குக் கை வரல போல. இனிமே நீங்களே ஓட்டவேண்டி வந்தாலும் வரும். எதுக்கும் வெள்ளிக்கிழமை வெளி மெக்கானிக் ஒருத்தரை வரச் சொல்லியிருக்கேன். கோளாறு படகுலயா ஆளுலயான்னு அவர் சொல்லட்டும். நீங்க பாத்தா சகலைக்குப் பரிஞ்சு பேசுவீங்க.”

துளிர்த்த சந்தோஷம் அங்கேயே கருகியது. வெளி ஆள் மூடியைத் திறந்தால் போதும், உள்ளே ஆயில் தாராகக் கறுத்துக் கிடக்கிறது. மாசக்கணக்காகத் தேய்ந்த பம்ப் இது, இங்கே மெக்கானிக் என்று யாரும் இல்லையா என்று கேட்பான். சின்னவர் தப்பித்துவிடுவார். பதினோரு வருஷப் பெயர் போய்விடும்.

வியாழக்கிழமை, மாமனார் பல் வைத்தியரிடம் போன நேரமாகப் பார்த்து, பெரியவர் புதுப் பம்போடு எஞ்சின் அறைக்குள் இறங்கினார். பெல்ட்டைத் தளர்த்தி, இரண்டு ஹோஸையும் கழற்றி, கறுப்பு ஆயிலைத் தகர டப்பாவில் வடித்தார். பம்பை வெளியே எடுத்து, அதன்மேல் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியைப் புல்லர் கருவி வைத்து உருவினார். புதுப் பம்பில் அதைச் சுத்தியலால் தட்டி ஏற்றினால் ஐந்து நிமிஷ வேலை. உள்ளே அடிபட்டு ஆறு மாதத்தில் பம்ப் போய்விடும். சின்னவர் மறுபடி இடிப்பார். அந்த நினைப்பு இனித்தது. சுத்தியலைக் கையில் எடுத்தும்விட்டார். ஆனால் மட்டமான வேலைக்கு அந்தக் கை ஒப்பவில்லை. திருகி அழுத்தும் கருவி வைத்து, அரைமணி நேரம், மெல்ல மெல்லவே ஏற்றினார்.

புது ஆயில் ஊற்றி, எஞ்சினைப் போடாமலே ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பித் திருப்பி, குமிழ் நிற்கும்வரை காற்றை வெளியேற்றினார். பிறகு எஞ்சினைப் போட்டார். முனகல் இல்லை. ஒற்றை விரலால் திருப்பினார், திரும்பியது. அந்த ஒரு நிமிஷம் பொறாமைகூட மறந்துபோனது. பளபளப்பு காட்டிக்கொடுத்துவிடுமே என்று, பழைய கிரீஸையும் கரியையும் வழித்துத் தன் வேலையின் மேலேயே பூசிவிட்டு ஏறினார்.

வெள்ளிக்கிழமை வந்த மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்து, எஞ்சினைக் காதால் கேட்டு, “படகுல ஒரு குறையும் இல்லைங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார். மாமனாரின் முகம் சுருங்கியது. அப்படியானால் கோளாறு ஆளில்தான். பயணிகளோடு படகு கிளம்பியது. பெரியவரின் மனைவியும் அவள் தங்கையும் துறையில் நின்று கண் கொட்டாமல் பார்த்தார்கள்.

சின்னவர் ஒரு சுற்றுப் போய்த் திரும்பிவந்து, படகை வளைத்து, துறையின் கட்டைக்கு நாலு விரற்கடை தள்ளி நிறுத்தினார். சட்டையில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. பயணிகள் கைதட்டினார்கள். பெரியவரின் மனைவியும் தட்டினாள்.

“அடேங்கப்பா!” மாமனார் சின்னவரின் தோளில் கைபோட்டார். “ஒரே வாரத்துல தேறிட்டாரே! இனிமே படகு உங்க பொறுப்பு மாப்ள. நான் தலையிட மாட்டேன்.”

பெரியவருக்கு, ஓட்டியது அவர் இல்லை, என் பம்ப் என்று கத்தவேண்டும் போலிருந்தது. கத்தினால், எப்போது மாற்றினீர்கள் என்று கேட்பார்கள். எப்போது கெட்டது என்றும் கேட்பார்கள்.

சின்னவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக இவரிடம்தான் வந்தார். “அண்ணே, யார் சொன்னாலும் நீங்க சொல்ற மாதிரி வராது. நிஜமா சொல்லுங்க, நல்லா ஓட்டினேனா?”

எல்லோரும் பெரியவர் வாயையே பார்த்தார்கள்.

“பிரமாதம் சகலை,” என்றார் பெரியவர். “நான்கூட இப்படி ஓட்டியிருக்க மாட்டேன்.”