அத்-பாஷி ஆஸ்பத்திரியின் நடுத்தளங்கள்

மலைநாட்டு ஊரான அத்-பாஷியில் எஸென்பெக் கட்டிய தனியார் ஆஸ்பத்திரிக்கு மூன்றாவது தளம் முளைத்தது கம்பளி விலை சரிந்த வருஷத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காவலாளி குபாத் முதல் கோப்பைத் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள். உச்சியில் முளைக்கவில்லை, அடியிலும் முளைக்கவில்லை. கரும்பு கணு விடுவதுபோல் நடுவில் முளைத்தது. கீழ்த்தளத்து வரவேற்பறையும் தோல் சோபாக்களும் மீன்தொட்டியும் எஸென்பெக்கின் ஆளுயரப் படமும் இருந்த இடத்திலேயே இருக்க, மேல்தளத்து அறுவை அறை மட்டும் ஒரு கத்தரிக்கோல்கூட நழுவாமல் ஒரு தளம் உயரத்துக்குப் போய்விட்டது. புதுத் தளத்தில் சுவர், ஜன்னல், படிக்கட்டு எல்லாம் இருந்தன. கட்டில், குழாய், மின்சாரம், மருத்துவர் ஆகியவை இல்லை. மாவட்ட அதிகாரி வந்து நாடா பிடித்து அளந்து, 'இயற்கை வளர்ச்சி' என்று எழுதி, வரியைக் கூட்டிவிட்டுப் போனார்.

காரணம் ஊருக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. அந்தப் பக்கத்தில் நல்ல சேதியை முதலில் கொண்டு ஓடிவருகிறவன் வாசலிலேயே 'சுயுஞ்சு!' என்று கத்துவான். கேட்டவர்கள் சால்வையோ ஆட்டுக்குட்டியோ கையில் கிடைத்ததை அவனுக்குக் கொடுத்தாக வேண்டும், அந்தப் பரிசுக்கும் பெயர் சுயுஞ்சுதான். ஆஸ்பத்திரியில் ஒருவர் பிழைத்தார் என்று சுயுஞ்சு கைமாறினால் அங்கே ஒரு தளம் முளைத்தது. அவ்வளவுதான் கணக்கு. சால்வைக்கு ஆசைப்படாத மனிதர் உண்டா? மயக்கம் தெளியாதவர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டதாகச் சேதி ஓடியது. கெட்ட சேதிக்கு அப்படி ஓட்டம் கிடையாது. அதை முகத்துக்கு நேரே சொல்வது அங்கே அநாகரிகம். நாலு பேர் போய் உட்கார்ந்து, தேநீர் குடித்து, பனியைப் பற்றிப் பேசி, புல்லைப் பற்றிப் பேசி, சுற்றி வளைத்து விஷயத்துக்கு வருவதற்குள், அது ஆஸ்பத்திரியைப் பற்றிய சேதி என்பதே மறந்துபோய், இறந்துபோனவருக்கு வயசாகிவிட்டது என்பது மட்டும் மிஞ்சும். ஆகவே கட்டடம் வளர்ந்ததே தவிரக் குறையவில்லை.

குதிரை வியாபாரி ஷார்ஷென் அதைத் தன் வீட்டு முற்றத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது தளம் வந்தபோது மீசையைத் தடவினார். ஆறாவது வந்தபோது பால் கறக்கும் பெட்டைக்குதிரைகள் அத்தனையையும் விற்று ஆஸ்பத்திரியில் பங்கு வாங்கினார். அவருக்கு இதில் அனுபவம் இருந்தது. இளவயதில் கால் நீளத்தை மட்டும் பார்த்து வாங்கிய ஒரு குதிரை அவருக்குப் பந்தயம் ஜெயித்துக் கொடுத்திருந்தது. அன்றிலிருந்து உயரமானது எதுவும் தன்னை ஏமாற்றாது என்று நம்பினார். அதே முறையில் வாங்கிய மற்ற குதிரைகள் நொண்டியதை அவர் அனுபவத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை.

அவர் மனைவி குல்சுன் போர்சோக் மாவுத் துண்டுகளை எண்ணெயில் போட்டுப் பொரித்துக்கொண்டே கேட்டாள்.

"கிழவா, உள்ள போயி ஒரு தடவயாவது பாத்தியா?"

"குதிரைக்குள்ள போயிப் பாத்தா குதிர வாங்குனேன்?"

"பல்லயாவது பிடிச்சுப் பாப்பியே!"

"உனக்கு இதெல்லாம் புரியாது. தூரத்துலருந்து பாத்தாத்தான் பெரிய விஷயம் தெரியும்."

குல்சுனின் அபிப்பிராயத்துக்கும் ஆதாரம் அப்படியொன்றும் பலமானதில்லை. வரவேற்பறைப் பெண் ஒருமுறை அவளுக்கு ஒற்றைக் கையால் தேநீர்க் கிண்ணத்தை நீட்டியிருந்தாள். ஒற்றைக் கையால் தேநீர் தருகிற இடத்தில் வயிற்றைக் கிழிக்கக் கொடுக்கக் கூடாது என்பது அவள் முடிவு. ஊரில் பாதிப்பேர் மீன்தொட்டியைப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். மீதிப்பேர் கிண்ணத்தைப் பார்த்து வராமல் இருந்தார்கள். அறுவை அறையை யாரும் பார்க்கவில்லை.

அங்கே ஜிபார் என்ற மருத்துவர் ஒண்டியாக இருந்தாள். ஏழாவது தளம் வந்ததும் தினமும் ஏறி இறங்குவதை விட்டுவிட்டு உச்சியிலேயே குடியேறி, ரொட்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டாள். கருவிகளை வேகவைக்கப் புதுக் கொதிகலம் கேட்டபோது, எஸென்பெக் டையைச் சரிசெய்தபடி, "அடுத்த தளத்தோட வந்தாலும் வரும், பொறுங்க எஜே" என்றார், அக்கா முறை வைத்து. அவர் முன்பு டிராக்டர் உதிரிபாகம் விற்றவர். இப்போது 'பார்வை', 'உயரம்', 'நாளை' ஆகிய சொற்கள் இல்லாமல் அவரால் உப்புக்கூடக் கேட்க முடியவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உச்சிவரை ஏறிவந்த நோயாளிகள் ஏறக்குறைய எல்லோருமே பிழைத்தார்கள். நோயோடு அத்தனை படி ஏற முடிந்தவருக்கு உயிர் கெட்டியாகத்தானே இருக்கும்! முடியாதவர்கள் பாதியில் மூச்சு வாங்கித் திரும்பிப் போனார்கள். அவர்களை ஆஸ்பத்திரி தன் நோயாளிகளாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எஸென்பெக் இந்த வெற்றியைச் சுட்டிக்காட்டி இன்னும் பங்கு விற்றார். நடுத்தளங்களில் யாரோ வெள்ளாடு கட்டினார்கள்.

கீழ்த்தள வரவேற்பறையில் நடந்த பங்குதாரர் விருந்தில் மரியாதைக்கு அடையாளமான ஆட்டுத்தலை ஷார்ஷென் முன் வைக்கப்பட்ட நேரத்தில்தான் அவருக்கு வலது விலாவுக்கு அடியில் வலி வந்தது. முதலில் அதைப் பெருமை என்று நினைத்தார். பிறகு சரிந்து விழுந்தார். கூச்சலைக் கேட்டு ஜிபார், அதற்குள் ஒன்பதாகிவிட்ட தளங்களையும் இறங்கிவந்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, பாய்கே என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள்.

"பித்தப்பைல கல்லு, பாய்கே. சீழ் வச்சிருக்கு. இன்னிக்கே எடுக்கணும். வெடிச்சா அப்புறம் நான் எதுக்கு?"

"தலைநகருக்குப் போயிடுறேன்" என்றார் ஷார்ஷென், தன் ஆஸ்பத்திரியில் தன் சொந்த வயிறு சம்பந்தப்பட்டது என்றதும் தூரத்துப் பார்வையைக் கைவிட்டு.

"கணவாய பனி மூடிக் கெடக்கு. பறந்துதான் போவணும்."

"அப்ப இங்கயே, கீழயே பண்ணிடு தாயி."

"விளக்கு, மேசை, மயக்க மருந்து, வெந்நி எல்லாம் மேல. இங்க மீன்தொட்டிதான் இருக்கு."

அண்ணன் தம்பி பிள்ளைகள் அவரைக் கம்பளத்தில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஏழாவது தளத்தை எட்டியதும், வாசலில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த குபாத்துக்குக் கால் நிற்கவில்லை. ஓடினான். "குல்சுன் எஜே, சுயுஞ்சு! பாய்கே உச்சிக்குப் போயிட்டாரு, இனிப் பொழச்ச மாதிரிதான்!" அழுதுகொண்டிருந்தவள் தோளிலிருந்த சால்வையை உருவி அவனிடம் வீசினாள். அறுவை அறைக்கு அடியில் ஒரு தளம் முளைத்தது. இன்னும் ஒன்று ஏறினார்கள், குபாத் பக்கத்து வீட்டுக்கு ஓடினான், தளம் முளைத்தது. சம்பந்தி வீட்டார் ஒரு கிடா கொடுத்தார்கள், மறுபடியும் முளைத்தது. எட்டாவது தளத்து ஆடுகளுக்கு நடுவே கம்பளத்தை இறக்கிவைத்துவிட்டுப் பிள்ளைகள் சுவரில் சாய்ந்தார்கள்.

"சித்தப்பா, நாங்க ஏற ஏற அது நம்மள விட வேகமா ஏறுது."

பின்னாலேயே ஏறி வந்திருந்த ஜிபார் அவர் நாடியைப் பிடித்தாள். "நல்ல சேதி கேட்டு வளருது. கெட்ட சேதி யாராச்சும் நேரா, சத்தமாச் சொன்னா இறங்குமோ என்னமோ. இந்த ஊர்ல யாரும் சொல்லிப் பாத்ததில்ல."

ஷார்ஷென் அண்ணன் தம்பி பிள்ளைகளைப் பார்த்தார். அவர்கள் பனியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். வலி மறுபடி எழுந்தது. பெட்டைக்குதிரைகள் ஒவ்வொன்றாக அவர் கண் முன்னால் வாலை ஆட்டிக்கொண்டு போயின. கடைசிக் குதிரையும் போனபின் அவர் ஜன்னல்வரை தவழ்ந்து, கண்ணாடி இல்லாத சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கீழே கூடியிருந்த ஊரைப் பார்த்துக் கத்தினார்.

"இந்தத் தளத்துல ஆடுதான் இருக்கு!"

மேலே எங்கோ ஒரு தளம், மடக்கிய கூடாரம்போல் சத்தமில்லாமல் மறைந்தது.

கீழிருந்து எஸென்பெக் அலறினார். "பாய்கே! நம்ம கட்டடம் பாய்கே! ஒங்க பங்கும் சேந்துதான் போவுது!"

"ஒரு பங்குதாரனா நான் ஒரு படி ஏறிப் பாக்கல!" இன்னொன்று மறைந்தது. ஷார்ஷென் மூச்சை இழுத்தார். "ஏற முடியாதவன் வீட்டுக்குப் போயிச் செத்தான், ஏற முடிஞ்சவன எண்ணி நாம வித்தோம்!"

அறுவை அறையின் கதவு அவர் தலைமாட்டிலேயே வந்து நின்றது. ஆடுகள் விலகி வழிவிட்டன.

அவர் நினைத்தது தேவையான தளங்களை மட்டும் இறக்கிவிட்டு மற்றதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று. ஆனால் ஒருவர் நேராகச் சொல்லிவிட்டதும் கீழே நின்றவர்களுக்கும் வாய் திறந்துவிட்டது. என் கொழுந்தன் நாலாவதுலருந்து திரும்பினான், என் அக்காவுக்குத் தப்பான கால்ல கட்டுப் போட்டாங்க, மீன்தொட்டியில இருக்கறது பிளாஸ்டிக் மீன் என்று ஆளுக்கொன்றாகச் சொல்லச் சொல்லத் தளங்கள் ஒவ்வொன்றாக மடங்கின. அறுவை முடிந்து ஷார்ஷென் மயக்கம் தெளிந்து, உச்சியிலிருந்து மலையைப் பார்க்கலாம் என்று தலையைத் திருப்பினார். ஜன்னலில் மலை தெரியவில்லை. ஒரு கழுதை முகம் தெரிந்தது. வைக்கோல் வண்டியில் ஏறி நின்ற கழுதை. தன் பங்கு மதிப்பு எவ்வளவு என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குபாத் அதற்குள் குல்சுன் வீட்டு வாசலில் நின்றான். "எஜே, சு—" அவள் அவன் வாயைப் பொத்தி உள்ளே இழுத்து உட்காரவைத்தாள். இரண்டு கையாலும் கிண்ணத்தை நீட்டினாள். பனி பற்றிக் கேட்டாள். புல் பற்றிக் கேட்டாள். மூன்றாவது கிண்ணம் முடியும்வரை காத்திருந்துவிட்டு, "கிழவன் பசிக்குதுங்கிறானா?" என்று மெதுவாகக் கேட்டாள். "கேக்குறாரு எஜே, சூப்பு" என்றான் குபாத், அதைவிட மெதுவாக. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரித்தாள். அவனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரி அசையவில்லை.

இப்போது அத்-பாஷியில் உடம்பு தேறிய சேதியை அப்படித்தான் சொல்கிறார்கள். எஸென்பெக் மீண்டும் டிராக்டர் உதிரிபாகம் விற்கிறார், சொற்களையும் குறைத்துக்கொண்டார். மிச்சமிருந்த சொத்தைப் பங்குதாரர்கள் பிரித்துக்கொண்டபோது தோல் சோபாக்களை விற்றுக் கொதிகலம் வாங்கினார்கள். ஷார்ஷெனின் பங்குக்குக் கீழ்த்தளத்தில் ஒழுகும் குழாய் ஒன்று வந்தது. வெளியூர்க்காரர் யாராவது பிழைத்த சந்தோஷத்தில் விவரம் தெரியாமல் சுயுஞ்சு கொடுத்துவிட்டால், நடுவில் ஒரு தளம் மறுபடி தலைகாட்டும். ஜிபார் மேலிருந்து எட்டிப்பார்த்து, "பாய்கே!" என்று ஒரு குரல் கொடுப்பாள். ஷார்ஷென் வந்து, வாசலில் நின்று, தன் குழாய் ஒழுகுகிறது என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார். தளம் மடங்கிக்கொள்ளும். ஒரு வாஷர் மாற்றினால் ஒழுகல் நின்றுவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். எஸென்பெக்கின் கடையிலேயே கிடைக்கிறது. யாரும் வாங்குவதில்லை.