எதிரணிக்காரி

கறுப்புக் கவுனுக்குக் கீழே கணவனின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஐரீன் பனியை வாரி ஒதுக்கிக்கொண்டிருந்தாள். இறுதிச்சடங்குக் கூடத்தின் வாசலில் ஏழெட்டுப் படிகள். கீழ்ப்படிக்கு வருவதற்குள் மேல்படி மறுபடி வெளுத்துவிட்டது. கூடத்துக்குள் அவள் அம்மா வாண்டா பெட்டியில் கிடந்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் காப்பிக்குத் தண்ணீர் வைத்தவள், கேஸை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். கேஸை அணைத்திருந்ததைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

கூடத்தின் சொந்தக்காரர் ஸ்லிவா கதவைப் பாதி திறந்து தலையை நீட்டினார்.

"பெட்டி தூக்க வர்றேன்னு சொன்ன ரெண்டு பேரும் போன் பண்ணிட்டாங்கம்மா. காரு தெருவை விட்டே நகரலையாம்."

"அப்ப யாரு இருக்கா?"

"உங்க வீட்டுக்காரர், அவரு தம்பி, நான், என் டிரைவர். நாலு பேரு. இந்தப் படியில நாலு பேரால முடியாது. உங்க மாமாவை நான் சேத்துக்கல, அவருக்கு நெஞ்சுவலின்னு நீங்கதான் சொன்னீங்க."

"பாக்கலாம்" என்றாள் ஐரீன்.

சிகாகோவில் அந்த வாரம் பஸ் ஓடவில்லை, குப்பை அள்ளவில்லை. நடுத்தெருவில் டயர் தடத்துக்குள் கால் வைத்து ஒரு பெண் நடந்து வந்தாள். அறுபது வயதிருக்கும். அகலமான தோள், நீலத் தொப்பி, முழங்கால்வரை ஈரம். படியருகில் வந்து, சுவரில் சாத்தியிருந்த இன்னொரு மண்வெட்டியை எடுத்து, ஒன்றும் கேட்காமல் கீழ்ப்படியிலிருந்து வாரத் தொடங்கினாள்.

"நீ வாண்டா மகதானே? தாடையே சொல்லுதே" என்றாள்.

"ஆமா. நீங்க?"

"மேவிஸ் டாலிவர். மில்வாக்கிலேர்ந்து வர்றேன். ரயிலு மட்டும்தான் ஓடுது."

ஐரீனின் கை நின்றுவிட்டது.

அவர்கள் வீட்டில் மேவிஸ் என்பது வசைச்சொல். பால் பொங்கி வழிந்தால், கார் கிளம்பாவிட்டால், அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு "மேவிஸ்" என்பாள். அந்தப் பல்லில் இரண்டு பொய்ப்பல். ரோலர் டெர்பி என்ற சக்கரக் காலணிப் பந்தயத்தில் மேவிஸ் முழங்கையால் இடித்ததில் போன பற்கள் அவை.

ஐரீனுக்கு ஒன்பது வயதிருக்கும்போது அவர்கள் தெருவுக்கு முதல் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. மரச்சாமான் கடைக்காரர் அதைக் கண்ணாடி ஜன்னலில் வைத்து ஓடவிட்டார். குளிரில் கூட்டம் நின்று பார்த்தது. சாய்வான வட்டப் பாதையில் இரண்டு அணிப் பெண்கள் சக்கரக் காலணியோடு சுற்றிச் சுற்றி ஓடினார்கள், ஒருத்தியை ஒருத்தி இடித்துத் தள்ளினார்கள், முடியைப் பிடித்து இழுத்தார்கள். பெண்கள் அப்படி அடித்துக்கொள்வதை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. மேவிஸ் நல்லவள், பொன்னிறக் கூந்தல்காரி. வாண்டா கெட்டவள். வாண்டா விழுந்தால் கூட்டம் கை தட்டியது. கூட்டத்தின் நடுவில் ஐரீன் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரி ஒருவர் அவள் அம்மா மனம் திருந்த வேண்டுமென்று வகுப்பையே ஜெபம் சொல்ல வைத்தார்.

அதெல்லாம் நாடகம் என்பார் காசிமிர் மாமா, வாண்டாவின் அண்ணன். நிஜமா நாடகமா என்று ஐரீன் கேட்டால் அம்மா கால் கட்டை விரலைத் தேய்த்துக்கொண்டே சிரிப்பாள். அவ்வளவுதான்.

"உங்களுக்கு யார் சொன்னது?" என்றாள் ஐரீன்.

"பழைய அணிக்காரி ஒருத்தி போன் பண்ணா. அழுதா. எனக்கு அழுகை வரல."

இருவரும் கொஞ்சநேரம் வாரினார்கள்.

"ஒண்ணு கேக்கணும். அந்தச் சண்டையெல்லாம் நாடகம்தானே?"

மேவிஸ் மண்வெட்டியை ஊன்றி மூச்சு வாங்கினாள்.

"சண்டை பாதி நாடகம். வெறுப்பு நிஜம்."

"எங்க அம்மா என்ன பண்ணாங்க உங்களுக்கு?"

"ஒண்ணும் பண்ணல, அதான். கேமரா வருது, ஒருத்தி நல்லவ, ஒருத்தி கெட்டவ வேணும்னு முதலாளி சொன்னாரு. எங்கப்பா பாதிரியாரு, என்னால கெட்டவளா நிக்க முடியாதுன்னு நான் ஒப்பாரி வச்சேன். உங்கம்மா ஜடையைப் பின்னிக்கிட்டே, சரி நான் நிக்கிறேன்னுட்டா. என்னமோ ஜன்னலைச் சாத்துறேங்கிற மாதிரி. அப்புறம் என்னாச்சு? ஊரு ஊரா அவளைத் திட்டத்தான் டிக்கெட் வாங்கினான். ஓட்டல்ல உக்காந்தா, வாண்டான்னு ஓடி வருவான். பக்கத்துல நான் உக்காந்திருப்பேன். ஏம்மா, அந்த உப்பைக் கொஞ்சம் தள்ளுன்னு என்கிட்ட சொல்லுவான். நல்லவளை எவன் ஞாபகம் வச்சிக்கிறான்?"

"அந்தப் பல்லு?"

"அது வேணும்னே பண்ணது."

அவள் குரலில் வருத்தமும் இல்லை, வீம்பும் இல்லை. ஐரீனுக்குக் கோபம் வரவேண்டும் என்று தோன்றியது. வந்தது சிரிப்பு. அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

"அப்புறம் ஏன் இந்தப் பனியில வந்தீங்க?"

"வருஷக்கணக்கா அவ முதுகைப் பாத்துக்கிட்டு ஓடியிருக்கேன். என் புருஷன் மூஞ்சியைக்கூட அவ்வளவு நேரம் பாத்ததில்ல" என்றாள் மேவிஸ். "வராம எப்படி?"

உள்ளே பெட்டியை மூடிவிட்டார்கள். நான்கு ஆண்களும் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஐரீன் பூட்ஸோடு போய் நடுவில் ஒரு பிடியைப் பற்றினாள். எதிர்ப்பக்கத்துப் பிடியில் மேவிஸின் கை வந்து அமர்ந்தது.

காசிமிர் மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார். "யாரு இது?"

"மேவிஸ், மாமா."

"எந்த மேவிஸ்?"

மாமாவின் முகம் சிவந்தது.

"பொம்பளைங்க பெட்டி தூக்குற வழக்கமே நம்மகிட்ட இல்ல. அதுலயும் இவளா? அவ வாயிலேர்ந்து ரத்தத்தோட பல்லைத் துப்பினதை நான் பாத்தேன். இவகிட்டப் போயி என் தங்கச்சியைக் கொடுக்கச் சொல்றியா? படியில தள்ளிவிட்டுருவா."

"தள்ளினா அவளே எந்திரிச்சி வந்து என்னை அடிப்பா" என்றாள் மேவிஸ்.

டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டான். ஸ்லிவா கடிகாரத்தைப் பார்த்தார்.

"மாமா, கோயில்ல சாமியார் காத்திருக்காரு. இங்க இருக்கறது ஆறு பேருதான்" என்றாள் ஐரீன். "வழி விடுங்க."

அவர் அசையவில்லை. அவளும் பிடியை விடவில்லை. கடைசியில் அவர் சுவரோரம் நகர்ந்து தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டார்.

வாசலைத் தாண்டியதும் குளிர் முகத்தில் அறைந்தது. "முழங்காலை மடக்கு. கீழ பாக்காத, முன்னாடி போறவன் இடுப்பைப் பாரு" என்று பெட்டிக்கு மேலாக மேவிஸ் சொன்னாள். முதல் படி, இரண்டாவது படி. மூன்றாவது படியில் முன்னால் போன ஐரீனின் கணவன் நார்பெர்ட்டுக்குக் கால் வழுக்கியது. அவன் உட்கார்ந்துவிட்டான். பெட்டி மேவிஸ் பக்கம் சரிந்தது. உள்ளே அம்மா லேசாக நகர்ந்தது ஐரீனின் கைக்குத் தெரிந்தது.

மேவிஸ் இடுப்பை வெட்டித் திருப்பி, முழுப் பாரத்தையும் தொடையில் வாங்கினாள். அவள் நீலத் தொப்பி விழுந்து உருண்டது. கைப்பிடிச் சுவரில் அவள் தோள் மோதிய சத்தம் கேட்டது.

"புடிச்சிட்டேன்" என்றாள். "எந்திரிடா தம்பி, மெதுவா."

நார்பெர்ட் எழுந்தான். பெட்டி நேரானது. மிச்சப் படிகளை ஒவ்வொன்றாக இறங்கினார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் தரை இறுகிக் கிடந்ததால் பனி இளகியபிறகுதான் குழி தோண்டலாம் என்றார்கள். அங்கிருந்த சிற்றாலயத்தில் பெட்டியை வைத்து ஜெபம் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். ஐரீன் அங்கேதான் அழுதாள். மேவிஸ் கதவருகில் நின்று இடத்தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கோயிலின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. ஐம்பது பேருக்குப் போட்ட மேஜைகளில் பதினைந்து பேர் இருந்தார்கள். புளித்த முட்டைக்கோஸ், சாசேஜ், உருளைக்கிழங்கை உள்ளே வைத்து வேகவைத்த பியரோகி. மேவிஸ் கோட்டைக் கழற்றாமல், வலதுகையால் மட்டும் சாப்பிட்டாள். எதிரே காசிமிர் மாமா தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

பரிமாற வந்த கோயில் சமையல்காரி மேவிஸின் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க வாண்டாவுக்கு அக்காவா? அந்தத் தோளு, அந்த நடை, அப்படியே இருக்கு."

மேவிஸ் மென்று விழுங்கினாள்.

"ஆமா" என்றாள்.

"இந்தப் பக்கம் பாத்ததே இல்லையே."

"பேச்சுவார்த்தை இல்ல."

"அடப்பாவமே" என்று சமையல்காரி இன்னும் இரண்டு பியரோகியை வைத்துவிட்டுப் போனாள்.

ஐரீன் மாமாவைப் பார்த்தாள். மாமா வெகுநேரம் மேஜைவிரிப்பின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு ரொட்டித் துண்டை எடுத்து, விளிம்புவரை வெண்ணெய் தடவி, மேவிஸின் தட்டோரம் வைத்தார்.