பம்ப் ரூமிலிருந்து வந்த அழைப்பு

"அண்ணி, அண்ணன் போனக் குடுங்க. கூட வேலை பார்த்தவங்களுக்குச் சாவு சொல்லணும், நம்பரெல்லாம் அதுலதான இருக்கும்?" என்று சித்தப்பா மூன்றாவது தடவையாகக் கையை நீட்டினார். அம்மா மடியிலிருந்த போனை இரு கையாலும் மூடிக்கொண்டாள். "அதுல சார்ஜ் இல்லப்பா."

மகளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. போனைத் திறந்தால் அப்பா கடைசியாக யாரைக் கூப்பிட்டார் என்று சித்தப்பா பார்த்துவிடுவார்.

அப்பா பம்ப் ரூம் ஆபரேட்டர். ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் வேலை, ஷிப்டுக்கு ஒற்றை ஆள். நேற்று மோட்டார் பக்கத்தில் சரிந்து கிடந்தவரை, மதியம் ஒரு மணிக்கு அடுத்த ஷிப்ட்காரர் வந்துதான் பார்த்தார். "தூக்கத்துல போன மாதிரி போயிட்டாராம். அவருக்கே தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னார்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். அது அப்படியில்லை என்று மகளுக்குத் தெரியும்.

லேண்ட்லைனை எடுத்துவிட்டு ஆளுக்கொரு செல்போன் வாங்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்தான். அப்பாவுக்குப் பட்டன் போன். இரண்டை அழுத்திப் பிடித்தால் மகள், மூன்றை அழுத்தினால் அம்மா என்று அவளே பதிந்து கொடுத்தாள். லாக் போட்டால் எடுக்கத் தெரியாதென்று அவர் போடவே மாட்டார். சட்டைப்பைக்குள் கிடக்கும் போன் தன்பாட்டுக்கு அவளைக் கூப்பிடும். எடுத்தால் மோட்டார் இரைச்சல். சில நாள் டீக்கடை அரட்டை. "இன்னிக்கு உங்க சட்டை என்கிட்ட அரை மணி நேரம் பேசுச்சுப்பா" என்று சாயங்காலம் அவர் மானத்தை வாங்குவாள். அவரும் அசடு வழிவார். பழைய போனில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. அது அடித்தால் யாரோ நம்மை நினைத்து நம்பர் சுற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். குளித்துக்கொண்டிருந்தாலும் ஓடிவந்து எடுப்பார்கள்.

நேற்று அவள் எடுக்கத்தான் செய்தாள். பதினொன்று ஐந்து. ஆபீஸில் அவள் எதிரே மேனேஜர் நின்றிருந்தார். இரைச்சலுக்கு நடுவே முனகல் மாதிரி ஏதோ கேட்டது. "அப்பா, லாக் பண்ணித் தொலைங்க" என்று வைத்துவிட்டாள். முனகல் காதில் விழாமல் இருந்திருந்தால்கூடத் தேவலை. பாவி, அது நன்றாகவே விழுந்தது.

சித்தப்பா வண்டி ஏற்பாட்டுக்கு வாசலுக்குப் போனதும் அம்மாவை அடுப்படிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"அந்தப் போன என்கிட்ட குடும்மா."

"எதுக்கு?"

"விழுந்தப்புறம் அப்பா எனக்குத்தான் கூப்பிட்டாரு. நான் எடுத்தேன்..."

அம்மா திட்டவில்லை, அழவும் இல்லை. போனைத் திறந்து காட்டினாள். சார்ஜ் பாதிக்கு மேல் இருந்தது. பதினொன்று ஐந்துக்கு மகள். அதற்கு மேலே, பதினொன்று ஏழுக்கு, 'வீடு'. அம்மாவின் நம்பரை அப்படித்தான் போட்டு வைக்கச் சொல்லியிருந்தார் அப்பா.

"நானும் எடுத்தேன்" என்றாள் அம்மா. "அடுப்புல வேலையா இருக்கேன், பைக்குள்ள கைய விட்டு அணைங்கன்னு கத்திட்டு வச்சுட்டேன்."

அம்மா போனை மகளிடம் நீட்டினாள்.

"காலைலேருந்து அமுக்கிப் பாக்கறேன். இத அழிக்கத் தெரியல எனக்கு."

மகள் அவள் விரலைப் பிடித்துப் பட்டன்மேல் வைத்தாள். அழித்துவிடவா என்று போன் கேட்டது. அம்மா அழுத்தினாள். அது இன்னொரு தடவை கேட்டது. மறுபடியும் அழுத்தினாள்.

வெளியிலிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார். "அண்ணி, இன்னும் யாருக்காவது சொல்லணுமா?"

"யாருக்கும் இல்லப்பா" என்றாள் அம்மா.