வெயிலில் காணாமல் போன வாழைப்பழம்

"வெள்ளையா கெடக்கும்மா. ஒண்ணுமே தெரியல" என்றார் தண்டாயுதபாணி ஐயா. பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவர். அவர் கடைக்கு ஓர் இணையப் பக்கம் வடிவமைத்திருந்தேன். வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் என்று ஒவ்வொன்றாக விரலால் இழுத்து அண்டாவில் போட்டுக் கிண்டலாம். விரலை எடுத்தால் டப்பா வாங்கும் பக்கம் திறக்கும்.

மலைமேல் இருக்கும் செண்பகனூர் வீட்டில் என் லேப்டாப்பிலும் போனிலும் பார்த்தால், கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. மனுஷனுக்குக் கண்ணில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன்.

சென்னையிலிருக்கும் மேலாளர் ஹரிகிருஷ்ணன் அப்படி நினைக்கவில்லை. "வீட்டிலிருந்து வேலை பார்த்தது போதும் ரோகிணி. இது ஓகே ஆகலைன்னா திங்கட்கிழமை ஆபீஸ் வந்துடுங்க" என்று சொல்லிவிட்டார். என் கணவர் ஜெயமுருகனுக்கு இங்கே கேரட் தோட்டம். அதை விட்டுவிட்டு அவரால் வர முடியாது. நான் போனால், நாலு வயது மகளை மாதத்துக்கு ஒருமுறைதான் பார்க்கலாம். அவரோ, "போறதுன்னா போயிட்டு வா, பாத்துக்கலாம்" என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐயாவின் போனை நேரிலேயே பார்த்துவிடலாமென்று விடிந்ததும் பழனி பஸ் ஏறினேன். மலை பாதி இறங்கியதும் பனி விலகி ஜன்னலில் வெயில் அடித்தது. என் போனில் பக்கத்தைத் திறந்தேன். வாழைப்பழத்தைக் காணோம். நெய்யைக் காணோம். எழுத்தும் போன இடம் தெரியவில்லை.

ஐயா கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. மேகம் கவிந்த அறையில், கூசுகிறதென்று திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்து வேலை பார்ப்பவள் நான். அந்த மங்கலில் அழகாகத் தெரிந்த வெளிர் நிறங்களைப் போட்டு, வெயிலில் நின்று வியாபாரம் பண்ணுகிற ஊருக்கு அனுப்பியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனால் கோளாறு பிடிபட்டதில் போன உயிர் திரும்பி வந்தது.

பழனி பஸ் நிலையத்தில் வெயில் விழுகிற பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்தேன். பளிச்சென்று தெரியும்வரை ஒவ்வொரு நிறத்தையும் அழுத்தமாக்கினேன். எழுத்தை முழுக் கறுப்பாக்கினேன்.

கடை வாசலில் நின்றபடியே ஐயா பக்கத்தைத் திறந்தார். பழத்தை இழுத்தார், நெய்யை ஊற்றினார். கிண்டத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. வாங்க வந்தவர்கள் காத்து நின்றார்கள்.

"ஐயா, விரல எடுத்தீங்கன்னா டப்பா வந்துரும்."

"இரும்மா, இன்னுங் கொஞ்சம் பதம் வரட்டும்" என்றார்.

பிறகு அவரே ஹரிகிருஷ்ணனுக்குப் போன் போட்டு, "நல்லாருக்குங்க, இதையே போட்டுருங்க" என்று சொன்னார். சற்று நேரத்தில் எனக்குச் செய்தி வந்தது: 'சரி, அங்கேயே இருந்து வேலை பாருங்க.'

உடனே வீட்டுக்குக் கூப்பிட்டேன். "நான் சென்னைக்குப் போகலைங்க."

"பாப்பா, அம்மா எங்கயும் போகலயாம்டா" என்று ஜெயமுருகன் கத்துவது கேட்டது.

"வெரசா வந்து சேரு" என்றார் என்னிடம். சாதாரணமாகப் பேசத்தான் பார்த்தார். மூக்கை உறிஞ்சுவது கேட்டுவிட்டது.