ஜன்னல் வைத்த சிப்

அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் யாரும் சாப்பிடவில்லை. என் அண்ணனின் பழைய கம்ப்யூட்டர் அதன்மேல் உடம்பைத் திறந்துகொண்டு கிடந்தது. நானும் என் வீட்டுக்காரரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் சாப்பிட்டோம். அவர் தினமும் அதைப் பற்றி ஏதாவது சொல்வார். நான் தினமும் காதில் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

"மேஜையில தட்டு வைக்கிற காலம் திரும்பி வருமா, இல்ல மேஜையையே வித்துடலாமா?" என்பார்.

"ஸ்குரூ தரையில விழுந்திருக்கு. குனிஞ்சு எடுங்க," என்பேன்.

கீபோர்டுக்குள்ளேயே முழுக் கம்ப்யூட்டரும் அடங்கிய வகை அது. டிவியில் மாட்டி, கேசட்டைப் போட்டு, அது கிரீச் கிரீச்சென்று கத்தி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். லிஃப்ட் மெக்கானிக்காக வேலைக்குச் சேர்ந்த புதிதில் அண்ணன் அதை வாங்கினான். என்னைக் கிட்டத்தில் சேர்க்க மாட்டான். இப்போது வீடு மாறும்போது பழைய இரும்புக்காரரிடம் போடப் போகிறேன் என்று போனில் எழுதி அனுப்பினான். நான் ஆட்டோ பிடித்துப் போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு வேலை ரத்தப் பரிசோதனை லேபில். பொழுதுபோக்கு இது. இதற்கு முன் இரண்டு பழைய கம்ப்யூட்டர்களுக்கு உயிர் கொடுத்திருக்கிறேன். அண்ணனுடையதை வெறுமனே ஓட வைத்தால் போதாது என்று முடிவு செய்தேன். உப்பிப்போன கெப்பாசிட்டர்களை எல்லாம் மாற்றுவது, கேசட்டுக்குப் பதில் மெமரி கார்டு, இன்றைய டிவிக்கு ஏற்ற கேபிள், ஆட்டம் காணாத புது பவர் சப்ளை. அவன் வைத்திருந்ததைவிட நன்றாக வைத்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

முதல் வேலை சுத்தம். வெள்ளையாக இருந்த விசைகள் மஞ்சள் பூத்துப் போயிருந்தன. தலைமுடியை வெளுக்க வைக்கும் பெராக்சைடு கிரீமை அவற்றின்மேல் பூசி, மொட்டை மாடியில் வெயிலில் வைத்தேன். மதர்போர்டை ஸ்பிரிட்டில் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். அதில் ஏதோ ஒரு சிப்பின்மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் ஊறிப்போய்க் கையோடு வந்தது. அழுக்கு போனது என்று சந்தோஷப்பட்டேன். ஈரம் ஒரு பொட்டுகூட மிஞ்சக் கூடாதென்று அந்த போர்டையும் விசைகளுக்குப் பக்கத்தில் பரப்பினேன். விசைகள் வெளுக்க ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் வெயில் சுள்ளென்று அடித்தது.

எல்லாவற்றையும் கீழே எடுத்து வந்த அன்று அண்ணி போன் செய்தாள்.

"அந்த டப்பா வேலை செய்யுதா?"

"செய்ய வைப்பேன் அண்ணி. ஏன்?"

"நேத்துதான் ஞாபகம் வந்துச்சு. அதுல உங்க அண்ணன் குரல் இருக்கும்."

எனக்குப் புரியவில்லை. அண்ணனுக்குக் குரல் கிடையாது. மகள் கைக்குழந்தையாக இருக்கும்போது அவனுக்குத் தொண்டையில் புற்றுநோய். உயிரைக் காப்பாற்றிய டாக்டர்களால் குரலைக் காப்பாற்ற முடியவில்லை. தொண்டையில் வைத்துப் பேசும் ஒரு கருவி கொடுத்தார்கள். அதன் இயந்திரச் சத்தத்தைக் கேட்டுக் குழந்தை வீரிட்டு அழுதது. அன்றோடு அதை அலமாரிக்குள் தள்ளியவன்தான், திரும்ப எடுக்கவேயில்லை. கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டுவான், சொல்ல வேண்டுமென்றால் எழுதுவான்.

"நீ கல்யாணமாகிப் போனப்புறம் பண்ணாரு," என்றாள் அண்ணி. "ஆபீஸ்ல லிஃப்டுக்கு சிப் எழுதற மிஷின் இருந்துச்சாம். அதுல தன் குரலை ஏத்தி உள்ள சொருகிட்டாரு. ஒரு பட்டனைத் தட்டினா பேசும். எனக்கு எரிச்சலா வரும். என்ன சொல்லும்னு நான் சொல்ல மாட்டேன். அவ கேட்டு தெரிஞ்சுக்கட்டும். ஞாயித்துக்கிழமை வர்றோம்."

அவள் என்று அண்ணி சொன்னது மகளை. எங்களுக்கெல்லாம் அவள் குட்டி. குட்டி என்ற பெயர் அப்படியே இருக்க, ஆள் வளர்ந்து வேலைக்கும் போய்க்கொண்டிருக்கிறாள்.

போனை வைத்துவிட்டு போர்டைத் திருப்பினேன். கம்பெனிக்காரர்கள் காலியாக விட்டிருந்த ஓர் இடத்தில் ஒரு சிப் உட்கார்ந்திருந்தது. அதன் நடுவில் சின்னக் கண்ணாடி ஜன்னல். இந்த வகை சிப்பை அழிக்கும் வழியே அந்த ஜன்னல்தான். அதன் வழியே புறஊதா ஒளி காட்டினால் எழுதியதெல்லாம் அழியும். வெயிலில் அந்த ஒளி உண்டு. அதனால்தான் ஜன்னலை ஸ்டிக்கர் ஒட்டி மூடி வைப்பார்கள். அந்த ஸ்டிக்கரைத் தேய்த்து எடுத்து, ஜன்னலை வானத்தைப் பார்க்க வைத்து, ஒரு வாரம் காய வைத்திருந்தேன். இந்தத் தொழில் தெரியாதவர்கள் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. தெரியாதவர்கள் போர்டைக் கழுவவே மாட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் குட்டியே கூப்பிட்டாள்.

"அத்தை, அம்மா சொன்னது நிஜமா?"

"நிஜம்தான்டா. ஆனா..."

"அப்பா குரல் எப்படி இருக்கும்னு யாரைக் கேட்டாலும் ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க. அம்மா கம்பீரமா இருக்கும்ங்கறாங்க. நீங்க கரகரன்னு இருக்கும்னீங்க. கல்யாண வீடியோவுல கேக்கலாம்னு பார்த்தா, அந்த வீடியோக்காரன் பேச்சையெல்லாம் எடுத்துட்டு முழுக்கப் பாட்டைப் போட்டு வச்சிருக்கான்." சிரித்தாள். பிறகு, "ஒரு வார்த்தையா இருந்தாலும் போதும் அத்தை," என்றாள்.

சொல்லாமல் மறைக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எனக்கு அந்தப் புத்தி சரிப்படாது. ஸ்டிக்கர், வெயில், ஒரு வாரம் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை வாங்க. நான் பார்த்துக்கறேன்," என்றேன். எதை வைத்துப் பார்த்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியாது.

அண்ணனுக்கும் எழுதினேன். உடனே பதில் வந்தது. 'அது ஒரு விளையாட்டுக்குப் பண்ணது. போனா போகட்டும், விடு.' விடு என்று யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும். அவன் சொன்னால் இரண்டு மடங்கு ஏறும். குரல் அவனுடையதாக இருக்கலாம். அதைக் கேட்கப் போகிறவள் குட்டி. விடுவதற்கு இவன் யார் என்று போனிடமே கேட்டேன்.

சிப்பைக் கழற்றி, ஜன்னலைக் கறுப்பு டேப்பால் மூடி, சிப்பைப் படிக்கவும் எழுதவும் லேப்டாப்போடு சேரும் ரீடரில் வைத்துப் படித்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில எண்கள். மற்ற இடமெல்லாம் காலி, காலி, காலி. எனக்கு அழுகை வந்துவிட்டது. சாப்பிடாமல் படுத்தேன்.

எங்கள் பொழுதுபோக்குக் கூட்டத்தில் ஒருவர் இருக்கிறார். எதைத் தொட்டாலும் முதலில் ஃபியூஸ் போகும் என்பதால் அவருக்குப் பெயரே ஃபியூஸ். மறுநாள் காலையில் அவரைக் கேட்டேன்.

"ஒரு வாரம் வெயிலா? போச்சு மேடம். மறந்துடுங்க."

"மறக்கறதுக்கு உங்ககிட்ட வழி கேக்கல. எடுக்கறதுக்கு வழி இருக்கா?"

கொஞ்சம் யோசித்தார். "வோல்டேஜைக் குறைச்சுப் படிச்சா சில நேரம் வரும்பாங்க. நான் பண்ணிப் பார்த்ததில்ல."

விஷயம் இதுதான். அந்த சிப்புக்குள் எண்ணி மாளாத பொடிப்பொடி அறைகள். எழுதிய அறையில் கொஞ்சம் மின்சாரம் அடைபட்டிருக்கும், எழுதாததில் இருக்காது. வெயில் பட்டால் அடைபட்டது கசியும். முழு ஐந்து வோல்ட் கொடுத்துப் படித்தால், கசிந்தது போக மிஞ்சியிருக்கும் சொற்பம் எடுபடாது, காலி என்றே பதில் வரும். குறைத்துப் படித்தால் அந்தச் சொற்பமும் கணக்கில் வரும். ரொம்பக் குறைத்தால் சிப் குழம்பி, வாய்க்கு வந்ததை உளறும். ஆட்டமே காணாத புது பவர் சப்ளை என்று நான் பீற்றிக்கொண்டது இங்கே உதவாது. ஆட வைக்கத் தெரிந்த ஒன்றுதான் வேண்டும். வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கத் திருகு வைத்த பெட்டி ஒன்றை ஃபியூஸ் கொடுத்து அனுப்பினார். ரீடரின் மின் கம்பியை வெட்டி அதோடு சேர்த்தேன்.

நாலரை வோல்ட்டில் காலி இடங்கள் குறைந்தன. இன்னும் கொஞ்சம் திருகினேன், இன்னும் குறைந்தன. அந்தச் சந்தோஷம் சற்று நேரம்தான். மறுபடி படித்தபோது வேறு மாதிரி வந்தது. மூன்றாவது தடவை இன்னொரு மாதிரி.

"எது நிஜம்னு எப்படித் தெரியும்?" என்றார் வீட்டுக்காரர். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"லேப்ல சந்தேகமான சாம்பிளை என்ன பண்ணுவோம்? திருப்பித் திருப்பி ஓட்டுவோம்," என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. வெயிலுக்கு அழிக்கத்தான் தெரியும், எழுதத் தெரியாது. சிப் உளறாத அளவுக்குள் நின்று, ஒரே அறையைப் பல தடவை கேட்க வேண்டும். ஒரு தடவையாவது 'இருக்கிறது' என்று வந்தால், அங்கே அண்ணன் எழுதியிருக்கிறான்.

அதிலிருந்து லேபுக்குக் கிளம்பும் முன்பும், வந்து செருப்பைக் கழற்றிய கையோடும் அதே வேலை. திருகைத் துளித் துளியாக நகர்த்துவது, படிப்பது, சேமிப்பது, மறுபடி நகர்த்துவது. என் கைக்குப் பொறுமை கிடையாது. ஒரேயடியாகத் திருகிவிடும். அதைப் பார்த்துப் பார்த்து வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. தட்டைக் கீழே வைத்தார்.

"தள்ளு. நான் திருகறேன், நீ பாரு."

அவர் ஜவுளிக்கடையில் துணி அளப்பவர். ஒரு நூல் கூடவோ குறையவோ விடாத கை. அன்றிலிருந்து மேஜையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ரீடருக்குப் பக்கத்தில் நான் டம்ளரை வைத்தால்கூட என்னைத்தான் அதட்டினார்.

படித்தவை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தேன். ஆரம்பத்தில் இருந்த புரோகிராம் பகுதி கந்தல். அங்கே ஒரு புள்ளி தப்பாக இருந்தாலும் மிஷின் படுத்துவிடும். அதை நானே புதிதாக எழுதினேன். அதற்குப் பின்னால் இருந்தது குரல். குரலில் தப்பு இருந்தால் கரகரக்கும், அவ்வளவுதான். லேப்டாப் திரையில் அதைக் கோடாகப் போட்டுப் பார்த்தேன். மேடும் பள்ளமுமாக ஒரு கொத்து, நடுவில் ஓர் இடைவெளி, மறுபடி ஒரு கொத்து. பேசுகிறவன் நடுவில் மூச்சு விட்டிருக்கிறான்.

"ஓட விடு, கேக்கலாம்," என்றார் வீட்டுக்காரர்.

"மாட்டேன்."

"டெஸ்ட் பண்ணாம எப்படி? ஒண்ணுமில்லாம போயிட்டா அந்தப் பொண்ணு முன்னாடி என்ன பண்ணுவ?"

"மறுபடி படிப்பேன். எத்தனை தடவை வேணும்னாலும் படிப்பேன். ஆனா முதல்ல கேக்கறது அவதான்."

அவர் என்னைப் பார்த்தார். மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார்.

சேர்த்ததைப் புது சிப்பில் எழுதி, ஜன்னலின்மேல் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் வந்தார்கள். அண்ணி கம்ப்யூட்டரைக் கண்டதும், "இதுவா அது? இவ்வளவு வெள்ளையா இருந்ததே இல்லையே," என்றாள். அண்ணன் விசைகளின்மேல் விரலை ஓட்டினான். மெமரி கார்டு சொருகும் இடத்தைக் குனிந்து பார்த்தான். பரவாயில்லை என்று உதட்டைப் பிதுக்கினான். பிறகு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டான். அவன் பயந்துபோயிருந்தான்.

குட்டி டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். நான் ஸ்விட்சைப் போட்டேன். நீலத் திரை வந்தது, கர்சர் மின்னியது. பெரிய விசையைத் தட்டினேன்.

எண்ணெயில் கடுகு விழுந்த மாதிரி ஒரு பொரிச்சல். அதற்குள்ளிருந்து ஒரு வாலிபன் பேசினான்.

"இதோ வந்துட்டேன்... அஞ்சே நிமிஷம்."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இதேதான். நான் கூப்பிட்டா பட்டனைத் தட்டிட்டு அவர் பாட்டுக்கு உக்காந்திருப்பாரு. வாயைத் திறந்து சொல்லக்கூட சோம்பேறித்தனம்," என்றாள். சிரிக்க ஆரம்பித்தவள் அழுதாள்.

குட்டி அசையவில்லை. "இன்னொரு தடவை அத்தை," என்றாள். தட்டினேன். இன்னொரு தடவை. தட்டினேன். அது கம்பீரமாகவும் இல்லை, கரகரவென்றும் இல்லை. கொஞ்சம் மெல்லிசான, குறும்பு பிடித்த குரல். நாங்கள் இரண்டு பேரும் அவளுக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறோம்.

அவள் தரையில் இருந்தபடியே டிவிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

"அப்பா. பேப்பரைக் கீழ வைங்க. நீங்க சொல்லுங்க."

செய்தித்தாள் மெல்ல இறங்கியது. அண்ணனின் கண் சிவந்திருந்தது. அவன் என்னைப் பார்த்துத் தலையசைத்தான். நான் விசையைத் தட்டினேன். பொரிச்சல் எழுந்தது, அவன் வாயைத் திறந்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் உதடு சரியாக அசைந்தது. நடுவில் மூச்சு விடும் இடத்தில் அவனும் மூச்சு விட்டான்.

"இதோ வந்துட்டேன்... அஞ்சே நிமிஷம்."

குட்டி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"அஞ்சு நிமிஷம் எல்லாம் முடியாதுப்பா," என்றாள். "இப்பவே வாங்க."

அண்ணன் எழுந்து வந்தான்.