போறன்

மஸாஹிரோடு எனக்குச் சண்டை வராத நாளில்லை. என் சாச்சா மகன், வாப்பாவின் தம்பி பிள்ளை. கொழும்பில் கணினி படித்துவிட்டு வந்து, கல்பிட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்து போனுக்கு கேம் செய்கிறான். கதை என்னுடையது. தொண்ணூறில் முஸ்லிம்களான எங்களைப் புலிகள் மன்னாரிலிருந்து விரட்டியபோது, வாப்பா எங்களைப் படகேற்றிவிட்டு, தன் மீன்படகின் எஞ்சினை எடுத்துவர வீட்டுக்குத் திரும்பினார். வரவேயில்லை. எனக்கு அப்போது பேச்சே வராத வயது. அவருக்கு என்ன நடந்திருக்கும் என்று அழுது அழுது எழுதினேன். அதை நாலு பேர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

இந்த மடையன் அதை ஒரு பொத்தானுக்குப் பின்னால் ஒளித்துவிட்டான். விளையாடுகிறவர்தான் வாப்பா. கரையில் மனைவியிடம் விடைபெறும்போது திரையில் இரண்டு பதில்கள் வரும்: ‘போயிட்டு வாறன்’, ‘போறன்’. முதலாவதைத் தொட்டால் வாப்பா எஞ்சினோடு வந்து சேர்ந்து கல்பிட்டியில் மீன் பிடிப்பார். மற்றதைத் தொட்டால்தான் நான் எழுதியது வரும்.

எங்கள் ஆட்கள் கடைக்குப் போவதென்றாலும் ‘போறன்’ என்பார்களா? அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் போனைக் கொடுத்துப் பார்த்தோம். ஒருவர் விடாமல் ‘போயிட்டு வாறன்’தான். வாப்பா திரும்பத் திரும்ப மீன் பிடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கதையை யார் தலையிலும் கட்டக்கூடாதாம். விளையாடுகிறவன் தானாகத் தேடி எடுத்தால்தான் அது அவனுடைய கதையாம். யாரும் தொடாத இடத்தில் வைத்துவிட்டு என்ன தேடல் என்று கத்தினேன். எழுதுகிறவர்களுக்கு ஆளைக் கையில் பிடித்து இழுத்துப்போகிற வியாதி என்று அவனும் கத்தினான்.

சத்தம் கேட்டு உம்மா வந்தார். வாப்பாவின் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவர். அவனுடைய வாயை அடைக்கவென்றே போனை உம்மாவின் கையில் கொடுத்தேன்.

உம்மா இரண்டையும் வாசித்தார். ‘போறன்’ என்பதைத் தொட்டார்.

மஸாஹிர் பல்லைக் காட்டினான். அறையலாம் போலிருந்தது. தெரியாமல் கை பட்டுவிட்டதா என்று உம்மாவிடம் கேட்டேன்.

“தெரிஞ்சுதான் அமத்தினன்,” என்றார். “போக வேணாமெண்டு போட்டிருந்த சேட்டப் புடிச்சு இழுத்தன். என்ட கையத் தட்டிட்டு இதத்தான் சொல்லிட்டுப் போனார்.”

மஸாஹிரின் சிரிப்பு நின்றுவிட்டது. திரையில் மனைவியின் பதில் வந்தது. நான் எழுதியது: ‘கவனமாப் போயிட்டு வாங்க.’

உம்மா போனை என் மடியில் எறிந்தார்.

“இத நான் சொல்லல்ல. ‘போங்க, வரவே வேணாம்’ எண்டன். அதுக்கும் ஒரு பொத்தான் வை.”