சந்திரமதி கண்ணை மூடியபோது

லாங் ஐலண்ட் என்ற சின்னத் தீவில் சந்திரமதி கண்ணை மூடினால், அவள் கடைசியாகப் பார்த்தது இல்லாமல் போய்விடும், திறந்தால் திரும்பிவிடும். சிமிட்டுவதால் பெரிய இடைஞ்சல் இல்லை, எதிரே இருப்பது லேசாக நடுங்கும், அவ்வளவுதான். சுவரைப் பார்த்துப் படுப்பாள். அதனால் இரவெல்லாம் அந்த வீட்டுக்கு ஒரு சுவர் இருக்காது. கல்யாணமான வாரமே கணவர் உதயசூரியன் வெளிப்பக்கம் தார்ப்பாய் கட்டிவிட்டார். நல்ல காலம் அது. பரீட்சை நாளில் பிள்ளைகள் வந்து, "ஆன்ட்டி, ஸ்கூலைப் பார்த்துக் கண்ணை மூடுங்க" என்று கெஞ்சுவார்கள். ஒருமுறை படகுத்துறை ஜெட்டியில் அவள் உட்கார்ந்தபடி கண்ணயர, எதிரே மீன் நிறுத்துக்கொண்டிருந்த வங்காளி தராசோடு மறைந்தார். அவள் விழித்ததும் வந்து, விட்ட இடத்திலிருந்து விலை சொன்னார். மீன் அப்போதும் துடித்துக்கொண்டிருந்தது.

பிறகு உதயசூரியனுக்கு ஈரலில் கட்டி வந்தது. கப்பலேறி மெயின்லேண்ட் ஆஸ்பத்திரி வரை போய்ப் பார்த்தும், வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வலி தாங்காமல் அவர் முனகிய ஒரு மத்தியானம், சந்திரமதி அவரையே பார்த்திருந்துவிட்டுக் கண்ணை மூடினாள். முனகல் நின்றது. கண்மேல் துணியைக் கட்டிக்கொண்டாள். ஐந்து மழைக்காலம் அவிழ்க்கவில்லை. பக்கத்து வீட்டு அகிலா கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிப்போவாள். கப்பல் சங்கை வைத்துப் பொழுதை அறிந்தாள். மனதுக்குள் அவர் லுங்கியை மடித்துக் கட்டி, படகு என்ஜினைத் திட்டிக்கொண்டே இருந்தார். அடுத்த மழை தொடங்கியபோது அந்தக் குரல் எப்படி இருக்கும் என்பது மறந்துபோனது. பயந்துபோய்த் துணியை அவிழ்த்தாள்.

அவர் அதே கட்டிலில், அதே முனகலின் பாதியில் இருந்தார்.

"ஏன் மதி, தலை இப்படி நரைச்சுப்போச்சு?" என்றவர், அவள் கையிலிருந்த துணியைப் பார்த்தார். "எத்தனை வருஷமா?"

அவள் துணியை முந்தானைக்குள் மறைத்தாள்.

"பஸ் பஸ், போதும் மதி. எனக்கு வலிக்காம இருக்கணும்னு நீ கடலைக்கூடப் பார்க்காம கெடந்தியா? இனிமே மூடாத."

அவர் போகிறவரை அவள் தூங்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு சாயங்காலம் ஜெட்டியில் கடலைப் பார்த்து நின்றவள், அழுகை வந்து தன்னையறியாமல் கண்ணை மூடிவிட்டாள். அகிலா தோளைத் தொட்டாள்.

"அக்கா, கடல் அப்படியே இருக்குக்கா."

"நான் பார்க்காட்டியுமா?"

"ஆமாக்கா. கப்பலும் நிக்குது."

சந்திரமதி கண்ணைத் திறக்காமலே கொஞ்ச நேரம் அலையைக் கேட்டாள். "அப்ப அவரும் இருப்பாரு," என்றாள்.

தீவில் இதை யாரும் மறுக்கவில்லை. அவள் வீட்டு வழியே போகிறவர்கள் இப்போதும் வாசலில் நின்று, "சூரியண்ணே, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.